மூன்று கடிதங்களும் எண்ணப்படாத 268 வாக்குகளும்

அனுப்புநர்
மா. இசக்கிசெல்வி (வயது 24),
அறை எண் 17, இரண்டாம் தளம்,
செவ்வந்தி மகளிர் விடுதி,
வல்லம் வடகால் சிப்காட் அருகில்,
ஸ்ரீபெரும்புதூர் வட்டம், காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட சமூக நல அலுவலர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகம்,
காஞ்சிபுரம்.

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

பொருள்: செவ்வந்தி மகளிர் விடுதியின் புகார்ப் பெட்டி 15.09.2025 அன்று தங்கள் அலுவலரால் திறக்கப்பட்டது – அதில் கண்டவற்றை எழுத்து மூலம் உறுதிசெய்து தரவும், அதன் பேரில் செல்வி க. சந்திரலேகாவை மீண்டும் வேலையில் சேர்க்கச் செய்யவும் – அதே பெட்டியிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட 268 வாக்குச் சீட்டுகளை எண்ணித் தரவும் – வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: 1. 13.09.2025 அன்று 181 மகளிர் உதவி எண்ணில் நான் சொன்ன புகார். 2. 15.09.2025 அன்று பாதுகாப்பு அலுவலர் திருமதி ரஞ்சனி அவர்கள் விடுதியில் நடத்திய நேரடி விசாரணை.

1. நான் வல்லம் வடகாலில், கார்களுக்கு வயரிங் கட்டும் ஒரு தொழிற்சாலையில் இரண்டு வருடமாக ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் நாங்குநேரி பக்கம். இந்த மனுவை, அதே லைனில், வயர் கட்டும் பலகைகளில் எனக்கு எதிர்ப் பலகையில் வேலை பார்த்த விளாத்திகுளம் சந்திரலேகாவுக்காக எழுதுகிறேன். அவர் என் தோழி என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து இந்தப் பிரச்சினை வரும்வரை நாங்கள் இருவரும் முகம் கொடுத்துப் பேசியதில்லை. மனுவில் 'அவர்' என்றுதான் எழுத வேண்டும் என்று தெரியும். எங்காவது கோபத்தில் 'அவள்' என்று வந்துவிட்டால் அம்மா அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2. எங்கள் சண்டைக்குக் காரணம் ஒரு தொலைக்காட்சித் தொடர். தங்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அதைச் சொல்லாமல் இந்த வழக்கு விளங்காது, எனவே சொல்லிவிடுகிறேன். 'தொலைவட்டம்' என்ற டப்பிங் தொடர் ஜூலை முதல் சனிக்கிழமைதோறும் வருகிறது. ஞாயிறு மூன்று மணிக்கு சாப்பாட்டுக் கூடத்து டிவியில் யாராவது ஒருத்தி கைபேசியிலிருந்து போட, நூறு நூற்றைம்பது பேர் உட்கார்ந்து பார்ப்போம். வானத்தில் எங்கோ தூரத்தில் மனிதர்கள் வசிக்கும் நிலையங்கள் ஒவ்வொன்றாகப் பழுதாகின்றன. ஒரு பெண் தனியாக ஓர் ஓட்டைக் கலத்தில் வந்து இறங்குவாள். பழுதைச் சரிசெய்வாள், அங்கே இருக்கும் பெரிய அதிகாரியை நாலு கேள்வி நறுக்கென்று கேட்பாள், கிளம்பிவிடுவாள். அவளுக்குப் பெயர் கிடையாது. பத்துப் பகுதி ஓடியும் எவரும் அவளிடம் பெயர் கேட்கவில்லை. கடைசியில் எழுத்து ஓடும்போது 'வந்தவள்' என்று மட்டும் வரும்.

3. பெயர் இல்லாதவளைப் பற்றி எப்படிப் பேசுவது? 'அவ', 'அந்தப் பொம்பள' என்று எத்தனை நாள் சொல்வது? அவளை 'மேஸ்திரி' என்று அழைக்க வேண்டும் என்பது என் கட்சி. வேலை தெரிந்தவள், வந்த இடத்தில் யாருக்கும் பயப்படாதவள், அவளுக்கு வேறு என்ன பெயர் பொருந்தும்? சந்திரலேகா 'மதினி' என்றார், இந்தப் பக்கத்தில் அண்ணி என்பார்கள். அவர் வாதத்தை நேர்மையாக அப்படியே எழுதுகிறேன்: "நம்ம வீட்டுக்குள்ளயே வந்து, நம்மளயே அதட்டி, நமக்கே ஆக்கிப் போட்டுட்டு, சிரிச்சிக்கிட்டே போறவ மதினிதானட்டி." அவள் யாருக்கு வாக்கப்பட்டு மதினி ஆனாள் என்று நான் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. எனக்கு ஊரில் சொந்தமாக ஒரு மதினி உண்டு, மதினியின் குணம் என்ன என்பது எனக்குத் தெரியும். அது இந்த மனுவுக்குத் தேவையில்லை.

ஐந்தாம் பகுதியில் அவள் பல்லால் வயரை உரித்ததை வைத்து மதினி கட்சி எங்களை ஒரு வாரம் ஓட்டியது. எங்கள் லைனில் அப்படிச் செய்தால் அன்றைக்கே கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். பல்லால் உரிக்கிறவள் மேஸ்திரியா என்று கேட்டார்கள். டூல் இல்லாத இடத்திலும் வேலையை முடிக்கிறவள்தான் மேஸ்திரி என்று சொன்னேன். இது போதாதென்று முதல் தளத்துச் செல்லக்கனி, 'வந்தவள்' என்பதே போதும் என்று மூன்றாவதாக ஒரு கட்சி தொடங்கினாள். "நாமளும் இங்க வந்தவளுவதான? நம்மள மட்டும் என்ன பேரு சொல்லியா கூப்பிடுதாவ?" என்று அவள் கேட்டதில் அறுபது எழுபது பேர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளே மூன்றாகப் பிரிந்தன. வாட்ஸ்அப் குழுவும் மூன்றாக உடைந்தது.

4. பேசித் தீராததால் செப்டம்பர் 8 முதல் 10 வரை வாக்கெடுப்பு வைப்பது என்று முடிவானது. மூன்று ஷிப்டுக்காரர்களும் போட வேண்டும் என்பதால் மூன்று நாள். ஒவ்வொரு சீட்டிலும் தேதி, ஷிப்டு, வரிசை எண் எழுதியே கொடுக்க வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். எங்கள் தொழிற்சாலையில் கட்டும் ஒவ்வொரு வயர்க் கட்டிலும் தேதி, ஷிப்டு, பலகை எண் எழுதிய ஒரு சீட்டு இருக்கும். எந்த ஊரில் எந்தக் கார் நின்றுபோனாலும், கட்டியது யார் என்று இங்கிருந்தே கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தப் பழக்கம் கையோடு வந்துவிட்டது. ஆனால் உண்மைக் காரணம் வேறு. மதினி கட்சிக்காரிகள் ஆளுக்கு இரண்டு ஓட்டுப் போடுவார்கள் என்று எனக்குச் சந்தேகம். சந்திரலேகாவுக்கு என் மேல் அதைவிடப் பெரிய சந்தேகம். வாக்கெடுப்பு முடிந்ததும் பெட்டியின் வாயைக் கறுப்பு டேப் போட்டு ஒட்டி, மூன்று கட்சியும் அதன் மேல் கையெழுத்துப் போட்டால்தான் தேர்தலையே ஒப்புக்கொள்வேன் என்றாள். இரண்டு நிபந்தனையும் ஏற்கப்பட்டன.

5. பூட்டுள்ள பெட்டிக்கு எங்கே போவது? சாப்பாட்டுக் கூடத்து வாசலில், சுவரில் அடித்துவைத்த பச்சை இரும்புப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதன் மேல், "குறைகளை எழுத்து மூலம் இப்பெட்டியில் மட்டுமே தெரிவிக்கவும். வாய்மொழிப் புகார்கள் ஏற்கப்படமாட்டாது. பெட்டி ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை திறக்கப்படும்" என்று எழுதியிருக்கும். அது திறந்து நான் பார்த்ததில்லை. இந்த இரண்டு வருடத்தில் திறந்து பார்த்ததாக ஒருத்தியும் சொன்னதில்லை. ஆகவே, எவரும் கை வைக்காத பெட்டி, இதைவிடப் பத்திரமான வாக்குப் பெட்டி கிடையாது என்ற யோசனையைச் சொன்னது நான்தான். எங்கள் கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி நடேசன் அண்ணன் வல்லம் கிராமத்தவர். அவர் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, கம்ப்ளெய்ண்ட் பொட்டில போயி எலெக்‌ஷன் வெச்சிகினு கீறீங்க? அத்த எவன் வந்து தொறக்கறது?" என்று கேட்டார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அவர் சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார் என்பது மூன்று நாள் கழித்தே புரிந்தது.

6. விடுதியில் உள்ள 312 பேரில் 268 பேர் வாக்களித்தார்கள். கடைசி ஐம்பது சீட்டுகள் உள்ளே இறங்கவில்லை. பெட்டி ஏதோ காகிதத்தால் ஏற்கெனவே பாதி நிரம்பியிருந்தது போலிருந்தது. ஸ்டீல் ஸ்கேலை வைத்துக் குத்திக் குத்தி இறக்கினோம். செப்டம்பர் 10 புதன்கிழமை மாலை ஆறு மணிக்குப் பெட்டி வாயை ஒட்டி, நானும் சந்திரலேகாவும் செல்லக்கனியும் வெள்ளைப் பேனாவால் கையெழுத்துப் போட்டோம்.

மறுநாள் சாவி கேட்டு விடுதி மேலாளர் திரு. வசந்தகுமாரிடம் போனோம். நாற்பது பேர் இருந்தோம். அவர் சொன்னது: "அந்தச் சாவி காணாமப் போயி ஒன்றரை வருஷம் ஆச்சும்மா. ஓட்டு எண்ணணும்னா பூட்ட உடைச்சுக்கோங்க, புதுப் பூட்டு நீங்கதான் வாங்கி மாட்டணும்." எங்கள் கட்சிக் குழுவில் போடுவதற்காக நான் அதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பகுதி முடிந்ததும் பூட்டை உடைத்து எண்ணலாம் என்று கலைந்தோம்.

7. இடையில் வந்தது தண்ணீர்ப் பிரச்சினை. விடுதித் தண்ணீரில் மே மாதத்திலிருந்தே ஒரு வாடை இருந்தது. 12-ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை சந்திரலேகாவின் அறையில் இரண்டு பேர் வாந்தி எடுத்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தார்கள். ஆஸ்பத்திரியில் இருவருக்கும் டிரிப் ஏற்றினார்கள். சந்திரலேகா மொட்டை மாடிக்கு ஏறிப் போய்ப் பார்த்தாள். தொட்டி மூடி உடைந்து, உள்ளே இரண்டு புறா செத்து மிதந்தன. அந்தத் தொட்டியிலிருந்து வரும் குழாயில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து, வேலைக்குக் கொண்டுவந்து, தொழிற்சாலை எச்.ஆர். அதிகாரியின் மேசையில் வைத்தாள். "சார், இதுல ஒரு வாய் குடிங்க. குடிச்சிட்டு எங்கள வேலைக்கு வரச் சொல்லுங்க" என்றாள். இந்த இரண்டு வரி மத்தியானத்துக்குள் எல்லா லைனுக்கும் பரவிவிட்டது. அவள் எனக்கு எதிர்க் கட்சி, ஆனாலும் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

8. சனிக்கிழமை, எங்களை வேலைக்கு அனுப்பும் ஒப்பந்த நிறுவனப் பொறுப்பாளரும் மேலாளரும் அவளை அழைத்து விசாரித்தார்கள். விடுதியைப் பற்றி வதந்தி பரப்பினாய், குறை இருந்தால் முறைப்படி ஏன் எழுதவில்லை என்று கேட்டார்கள். மூன்று தடவை எழுதிப் பெட்டியில் போட்டேன் என்று அவள் சொன்னாள். மேலாளர் ஒரு பதிவேட்டை எடுத்து வைத்தார். அதில் மாதம் தவறாமல் 'பெட்டி திறக்கப்பட்டது, புகார் எதுவும் இல்லை' என்று எழுதி அவர் கையெழுத்து இருந்தது. சாவியைத் தொலைத்தவர் மாதாமாதம் எப்படித் திறந்தார் என்று அங்கே கேட்பதற்கு ஒருவரும் இல்லை. அன்றோடு சந்திரலேகாவுக்கு வேலை இல்லை என்றும், ஞாயிறு மாலைக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள்.

9. செய்தி கேட்டு நான் அவள் அறைக்குப் போனேன். துணியை மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எதுக்குட்டி வந்த? ஜெயிச்சிட்டேன்னு சொல்லிட்டுப் போகவா?" என்றாள்.

"எத்தன லெட்டர் போட்ட?" என்று கேட்டேன்.

"மூணு. மே, ஜூன், ஆகஸ்டு."

"அப்ப ஓட்டுக்கு எல்லாம் முன்னாலயா?"

அந்தக் கேள்வி என் வாயிலிருந்து வந்த பிறகுதான் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் மண்டையில் உறைத்தது. அவள் மடித்த சேலையைக் கீழே போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா அவர்களே, விஷயம் இதுதான். அவள் கடிதங்கள் மெய்யானால் அவை பெட்டியின் அடியில் இருக்கும். அவற்றின் மேல், தேதியும் வரிசை எண்ணும் போட்ட 268 சீட்டுகள் இருக்கும். அவற்றுக்கும் மேல் புதன்கிழமை ஒட்டிய டேப்பும் மூன்று கையெழுத்தும் இருக்கும். சனிக்கிழமை வேலை போன பிறகு அவசரத்துக்கு எழுதிப் போட்டாள் என்று எவரும் சொல்லவே முடியாது. நான் அவளை நம்பாமல் எண் போட வைத்தேன், அவள் என்னை நம்பாமல் டேப் போட வைத்தாள். நாங்கள் நல்லவிதமாகப் பழகியிருந்தால் இன்று கையில் ஒரு சாட்சியும் இருந்திருக்காது.

10. பெட்டியை யாராவது கழற்றிக்கொண்டு போய்விட்டால் எல்லாம் போச்சு. ஆகவே 181-க்கு அழைத்துப் புகார் சொன்ன கையோடு, மூன்று கட்சியையும் கூட்டி ஷிப்டு போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தோம். ஒரு ஷிப்டுக்கு ஆறு பேர், கட்சிக்கு இரண்டு பேர் என்று கணக்கு. சனி மாலையிலிருந்து திங்கள் காலைவரை அந்த வாசலில் ஆள் இல்லாத நிமிடம் ஒன்றுகூட இல்லை. மாறும்போது பெட்டியையும் டேப்பையும் பார்த்து நோட்டில் கையெழுத்து. எங்களை இரண்டு வருடம் மூன்று வருடம் ஷிப்டு மாற்றிப் பழக்கியவர்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை பதினொன்றாம் பகுதி ஓடியபோது முதன்முறையாக மூன்று கட்சியும் ஒரே மேசையில் கலந்து உட்கார்ந்திருந்தது.

சந்திரலேகா இரண்டு நாளும் நடேசன் அண்ணன் வீட்டில் தங்கினாள். அவருக்கு இதனால் வேலைக்குக் கெடுதல் வருமோ என்று, மனுவில் பெயரை எழுதட்டுமா என்று நேற்றுக் கேட்டேன். "எய்துமா, நல்லாப் பெருசா எய்து. ரெண்டு நாளு ஒரு பொண்ணுக்கு சோறு போட்டதுக்கு எவன் இன்னா கேக்கறது?" என்றார். எழுதிவிட்டேன்.

11. திங்கட்கிழமை பதினொரு மணிக்குத் திருமதி ரஞ்சனி அவர்கள் வந்தார்கள். மேலாளர் பதிவேட்டை நீட்டினார். நான் கைபேசி வீடியோவைக் காட்டினேன். அம்மையார் இரண்டையும் பார்த்துவிட்டுப் பெட்டி எங்கே என்றார்கள். உடனே மேலாளர், "கழட்டி ஆபீஸ் ரூமுக்கு எடுத்துட்டுப் போயிடலாம் மேடம், கொட்டிப் பாத்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும்" என்றார். கொட்டினால் அடியில் இருப்பது மேலே வந்துவிடும், வரிசை குலைந்துவிடும். நான் ஓடிப்போய்ப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். என் சீருடை முழுக்கத் துரு. ஓர் அரசு அலுவலர் முன்னால் அப்படி நடந்துகொண்டதற்கு வருத்தம் தெரிவிக்கிறேன், ஆனால் மறுபடியும் அதே நிலை வந்தால் அதையேதான் செய்வேன்.

அம்மையார் பெட்டியைச் சுவரிலேயே வைத்துத் திறக்கச் சொன்னார்கள். முதலில் டேப்பையும் கையெழுத்துகளையும் படம் எடுத்தார்கள். நடேசன் அண்ணன் சுத்தியலால் இரண்டு போடு போட்டார், பூட்டு விழுந்தது. கதவு திறந்தது. ஒரு சீட்டுகூடக் கீழே விழவில்லை, அவ்வளவு இறுக்கம். மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து எண்ணைச் சத்தமாகப் படித்தார்கள். 268, 267, 266. ஸ்கேலால் குத்தியதில் ஏழு சீட்டு இடம் மாறியிருந்தது, அதையும் மறைக்காமல் எழுதச் சொன்னேன். சீட்டுகளை மடிப்புப் பிரிக்கப் போனபோது, வேலையும் அறையும் போய் நிற்கிற சந்திரலேகா கூட்டத்தின் நடுவிலிருந்து, "மேடம், பிரிச்சிராதீங்க, இன்னும் எண்ணல! ரகசிய ஓட்டு!" என்று கத்தினாள். அம்மையார் சிரித்துவிட்டு, வெளியே தெரிந்த எண்ணை மட்டும் படித்தார்கள்.

நூறுக்குக் கீழே போகப் போகக் கூட்டம் பெட்டியை நெருங்கி வந்தது. மூன்று, இரண்டு, ஒன்று. அதற்கடியில் ஒரு படலம் தூசி, உடைந்த பல்லி முட்டை இரண்டு. தூசிக்குக் கீழே காகிதங்கள். முதலில் வந்தது 04.08.2025 தேதியிட்ட சந்திரலேகாவின் கடிதம். பிறகு 16.06.2025. பிறகு 12.05.2025. மூன்றிலும் தொட்டி மூடி உடைந்தது, தண்ணீர் நாறுவது, புறா விழும் ஆபத்து எல்லாம் எழுதியிருந்தது. மூன்றும் போக, கடந்த வருடம் மார்ச் மாதத்திலிருந்து பிறர் எழுதிய பத்தொன்பது புகார்கள். கழிப்பறைத் தாழ்ப்பாள், வேகாத சோறு, தலைவலிக்கு மாத்திரை கேட்டது என்று எல்லாம் பிரிக்கப்படாமலே கிடந்தன.

மூன்றாவது கடிதத்தைப் படித்ததும் எழுந்த சத்தம் ஒரகடம் வரைக்கும் கேட்டிருக்கும். செல்லக்கனி அழுதுவிட்டாள். மேலாளர் மட்டும், "எல்லாம் சீரியல் பைத்தியங்க மேடம்" என்றார். அதற்குத் திருமதி ரஞ்சனி அவர்கள், "இந்தப் பைத்தியங்ககிட்ட இருக்கிற ரெக்கார்டு உங்ககிட்ட இல்லையே சார்" என்றார்கள். நான் செத்தாலும் இந்த வரியை மறக்க மாட்டேன்.

12. அன்று மாலையே சந்திரலேகா அறைக்குத் திரும்பினாள். செவ்வாய்க்கிழமை தொட்டி கழுவப்பட்டு மூடி மாற்றப்பட்டது. மேலாளர் மாற்றப்பட்டார். பெட்டிக்குப் புதுப் பூட்டு வந்துவிட்டது, ஒரு சாவி விடுதியிலும் ஒரு சாவி நாங்கள் தேர்ந்தெடுக்கும் ஆளிடமும் இருக்க வேண்டும் என்று ஆணை. முதல் நாளிலேயே 41 புகார் விழுந்தது. இவ்வளவையும் இரண்டே நாளில் செய்து முடித்த தங்கள் அலுவலகத்துக்கு 312 பேரின் சார்பாகவும் நன்றி.

13. ஆனால் வேலை இன்னும் கிடைக்கவில்லை. ஒப்பந்த நிறுவனப் பொறுப்பாளரிடம் போனால், "வாய்ல சொன்னா நான் எப்டிமா ஏத்துக்கறது? ஆபீஸ்லேர்ந்து எழுத்துல ஒரு வரி கொண்டா, அன்னிக்கே லைன்ல ஏத்திடறேன்" என்கிறார். வாய்மொழிப் புகாரை ஏற்காதவர்கள் வாய்மொழி நியாயத்தையும் ஏற்கமாட்டார்கள் போலிருக்கிறது. 22.09.2025 திங்கட்கிழமை புது ஆட்கள் வருகிறார்கள். சந்திரலேகாவின் பலகைக்கும் ஒரு ஆள் குறித்தாகிவிட்டது. எனவே 20-ஆம் தேதி சனிக்கிழமைக்குள் அந்தக் கடிதம் வராவிட்டால், இவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகும் அவள் ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். அவள் அனுப்புவதை எதிர்பார்த்து வீட்டில் இரண்டு தங்கைகள் படிக்கிறார்கள். இதை எழுத வேண்டாம் என்று அவள் சொன்னாள், நான் எழுதுகிறேன்.

14. இரண்டாவது வேண்டுதல், தங்கள் அலுவலக உறையில் மற்ற ஆவணங்களோடு சேர்த்து முத்திரையிடப்பட்டிருக்கும் எங்கள் 268 வாக்குகள் பற்றியது. அவை இப்போது அரசு ஆவணம், திருப்பித் தர முடியாது என்று விளக்கினார்கள். ஒப்புக்கொள்கிறோம். ஆனால் 'தொலைவட்டம்' கடைசிப் பகுதியை வரும் ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறோம். கட்சிக்கு ஒருவர் முன்னிலையில் ஓர் அரை மணி நேரம் எண்ணி, யாருக்கு எத்தனை என்று சொன்னால் போதும். தங்கள் அலுவலகத்தில் ஏற்கெனவே இரண்டு அம்மையார்கள் அந்தத் தொடரைப் பார்க்கிறார்கள் என்றும், அவர்களுக்குள்ளும் இதே சண்டை தொடங்கிவிட்டது என்றும் கேள்விப்பட்டேன். அவர்கள் எண்ணினாலும் எங்களுக்குச் சம்மதம்.

15. இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பெட்டியின் அடியிலிருந்து எடுத்த இருபத்திரண்டு காகிதத்தில் என் கையெழுத்துள்ளது ஒன்றுகூட இல்லை. அதே நாற்றத் தண்ணீரை நானும் மே மாதத்திலிருந்து குடித்தேன். தானத்தில் வந்த மாட்டின் பல்லைப் பார்க்காதவள் போல, ஒரு வார்த்தை கேட்காமல் குடித்தேன். அதே மாதங்களில், விண்வெளியில் வரும் ஒரு பெண்ணை ஏன் மேஸ்திரி என்று அழைக்க வேண்டும் என்று மூன்று பக்கம் எழுதிச் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஒட்டியவள் நான். எழுதத் தெரியாமல் இல்லை. எழுதி என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டேன். சந்திரலேகா ஒருத்திதான் பதில் வராத பெட்டிக்கு மூன்றாவது தடவையும் எழுதினாள். எனக்கு அவள் மேல் பொறாமையாக இருக்கிறது, அதைவிட அதிகமாகப் பெருமையாக இருக்கிறது. இது என் வாழ்க்கையில் நான் எழுதும் முதல் புகார் மனு.

16. ஆகவே அம்மா அவர்கள், பெட்டியில் கண்டதைக் கண்டபடி எழுதி, வாக்குச் சீட்டுகளுக்கு அடியிலிருந்தே கடிதங்கள் எடுக்கப்பட்டன என்ற விவரத்தோடு ஒரு கடிதம் சனிக்கிழமைக்குள் வழங்கி, சந்திரலேகாவை அவர் வேலை பார்த்த அதே லைனில், அதே பலகையில் சேர்க்க ஆவன செய்ய வேண்டுகிறேன். வேறு லைனில் வேறு ஷிப்டில் போட்டுச் சரிக்கட்டப் பார்ப்பார்கள், அதற்கு இடம் கொடுக்க வேண்டாம்.

இந்த மனுவைக் கொடுக்க முப்பத்தொரு பேர் இரண்டு வேனில் வந்து தங்கள் வாசலில் நிற்கிறோம். எங்களுக்கு இரண்டரை மணிக்கு ஷிப்டு. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் போகமாட்டோம் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். வாக்கு எண்ணிக்கையில் மதினி ஜெயித்தாலும் ஜெயிக்கட்டும். அதை நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை, அது செல்லாத தேர்தல் என்று அவள் முகத்துக்கு நேராகச் சொல்லப் போகிறேன். அதற்கு அவள் திங்கட்கிழமை காலை எனக்கு எதிர்ப் பலகையில் நிற்க வேண்டும்.

இணைப்பு:
1. 11.09.2025 வீடியோ அடங்கிய பென் டிரைவ் – 1
2. பெட்டிக் காவல் நோட்டு, 13.09.2025 முதல் 15.09.2025 வரை – நகல்
3. மூன்று கட்சியினரின் கையெழுத்துகள், 287 பேர் – 9 தாள்கள்

இடம்: காஞ்சிபுரம்
நாள்: 18.09.2025

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) மா. இசக்கிசெல்வி,
மேஸ்திரி கட்சி.

உடன் கையெழுத்திடுவோர்:
(ஒப்பம்) ச. செல்லக்கனி, வந்தவள் கட்சி.
(ஒப்பம்) க. சந்திரலேகா, மதினி கட்சி. பத்தி 3-இல் என் வாதத்தைப் பாதிதான் எழுதியிருக்கிறாள். மீதியைத் திங்கட்கிழமை லைனில் சொல்லிக்கொள்கிறேன்.